காந்தத்துல ஒட்டுன மகான்

பழைய காசு பாத்து வெல சொல்ற தொழில்ல காசப் பாத்து யாருக்கும் பயம் வர்றதில்ல, அத மடியில முடிஞ்சிக்கிட்டு வர்றவங்க மொகத்தப் பாத்தாத்தான் பயம் வரும்.

எனக்குக் கட சிதம்பரத்துல, தேர் ஓடுற வீதியிலேருந்து உள்ள திரும்புற சந்துல. கடன்னதும் பெரிசா நெனச்சிக்காதீங்க. ஒரு கண்ணாடிப் பெட்டி, ரெண்டு ஸ்டூலு, கிரீச் கிரீச்சுன்னு சத்தம் போடுற ஒரு பேனு. எங்க வூட்டுக்காரரு வெள்ளிச் சாமான் யாவாரம் பண்ணாரு. பழைய கொலுசு, குங்குமச் சிமிழுன்னு வாங்குறப்ப அதோட பழைய காசும் வந்து விழும். அவரு உருக்கப் போடுவாரு, நான் பொறுக்கி எடுத்து ஒளிச்சி வைப்பேன். அதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் நடந்த சண்டய சொன்னா இந்தப் பக்கம் பத்தாது. அவரு போன பொறவு கொலுசு யாவாரத்த மவன் எடுத்துக்கிட்டான், காசு எங்கூடவே தங்கிடுச்சி.

எங்கிட்ட இருக்கிற சாமான் கொஞ்சம்தான். நூல்ல கட்டித் தொங்கவுட்ட ஒரு காந்தம், ஒரு லென்ஸு, ஒரு குட்டித் தராசு, பிரஷர் மாத்திர டப்பா. உங்க வூட்லயும் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கும், எனக்குத் தெரியும். அதுக்குள்ள வெள்ளையா ஒரு காசு கெடக்கும். போன்ல எவனோ ஒருத்தன் 'இந்தக் காசு இருந்தா நீங்க கோடீஸ்வரன்'னு கத்துனதும் பரணு மேல ஏறுவீங்க. வெள்ளையா இருக்கிற காசுல அலுமினியமும் உண்டு, இரும்பும் உண்டு, செம்பு மேல முலாம் பூசுனதும் உண்டு, வெள்ளியும் உண்டு. காந்தத்துல ஒட்டுனா அது வெள்ளி இல்ல. ஒட்டலன்னா வெள்ளின்னு சத்தியம் பண்ணவும் முடியாது. இவ்ளோதான் எங்க படிப்பு. இத வாயத் தொறந்து சொல்றதுதான் எனக்குக் கஷ்டம்.

தாடி வச்சவரு

ஆவணி பொறந்த புதுசு. குடிகாட்டுலேருந்து ஒரு அம்மா வந்துச்சி, பேரு வேம்பு. கெமிக்கல் கம்பெனிங்க வரிசையா நிக்கிதே, அந்தக் குடிகாடு. ரெண்டு பஸ்ஸு மாறி வந்து, ஸ்டூல்ல ஒக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, ஜாக்கெட்டுக்குள்ளேருந்து ஒரு மஞ்சத் துணி முடிச்ச எடுத்துச்சி. மஞ்சத் துணிய பாத்தாலே எனக்குக் கவலதான். பர்ஸுலேருந்து எடுக்கிறவங்க வெல தெரிஞ்சிக்கிட்டுப் போயிடுவாங்க. மஞ்சத் துணியில முடிஞ்சிக்கிட்டு வர்றவங்களுக்கு வெல சொன்னா அத்தோட முடியாது.

உள்ள இருந்தது ஒரு அமெரிக்கா பென்னி, அந்த ஊரு சில்லறக் காசு. ஒரு பக்கம் தாடி வச்ச ஆளு, மறுபக்கம் ரெண்டு கோதும கதிரு. வழக்கமா அது செவப்பா செம்புல இருக்கும், இது வெள்ளையா இருந்துச்சி. வேம்போட அப்பா கடலூர் துறைமுகத்துல மூட்ட தூக்குனவராம், கப்பல்காரன் ஒருத்தன் குடுத்தானாம். தாடியப் பாத்துட்டு, இவரு யாரோ மகான்னு வேம்போட அம்மா பூச ரூமுல வச்சிட்டாங்க. அன்னிலேருந்து வெள்ளிக்கெழம தவறாம பால்ல குளிப்பாட்டி, மஞ்சளு, குங்குமம், கற்பூரம். எத்தினி வருஷத்து மஞ்சளோ, காசு மேல பொறுக்குத் தட்டிக் கெடக்கு. மகான் மூக்கு தெரியிது, தாடி தெரியிது, வருஷம் தெரியல. ஒண்ணு, ஒம்போது, நாலு வரைக்கும் படிச்சேன். கடைசி நம்பர் மேல கெட்டியா ஒரு மஞ்சக் கட்டி.

அந்தக் கடைசி நம்பருலதான் விஷயமே இருக்கு. ஏன்னு சொல்றேன். உலகச் சண்டக் காலத்துல அந்த ஊர்க்காரனுக்கு செம்பு தட்டுப்பாடு. அதனால நாப்பத்திமூணாம் வருஷம் மட்டும் இரும்புல காசு அடிச்சி மேல துத்தநாகம் பூசி வுட்டான். அது கொட்டிக் கெடக்குது, ரெண்டு டீயும் பஜ்ஜியும் சாப்புடலாம், அவ்ளோதான் மதிப்பு. மறு வருஷம் செம்புக்கே போயிட்டான். ஆனா தப்பித்தவறி மிஞ்சிக் கெடந்த இரும்பு வில்லைங்க கொஞ்சத்துல நாப்பத்திநாலுன்னு விழுந்துடுச்சி. அது கெடச்சிட்டா பெரிய பெரிய சேகரிப்புக்காரங்க ஏரோப்பிளேன் ஏறி வருவாங்க. காந்தத்த எறக்குனேன், டக்குனு ஏறிக்கிச்சி. அப்ப இரும்புதான். மூணா நாலான்றதுதான் கேள்வி. 'தேங்கா எண்ணெயில ஊற வச்சி மெதுவா எடுக்கணும்மா, வச்சிட்டுப் போ'ன்னேன். 'சாமிய எப்டி ஆயா வச்சிட்டுப் போறது, வெள்ளிக்கெழம வருதுல்ல'ன்னு சொல்லி முடிச்சப் போட்டுடுச்சி. அப்பறந்தான் விஷயத்தையே சொன்னிச்சி. பொண்ணு கௌசல்யாவுக்கு பண்ருட்டியில பலாப்பழ மண்டிக்காரரு வூட்ல பேசி முடிச்சிருக்காங்க. பேசுன நகையில அஞ்சு பவுனு கொறையிது. அதுக்கு ஈடா எங்ககிட்ட லட்சக்கணக்குல போற காசு ஒண்ணு இருக்குன்னு இந்தம்மா சபையிலயே சொல்லிட்டு வந்துருக்கு. சம்பந்தி, சரி, காசு தெரிஞ்சவங்ககிட்ட காட்டலாம்னுட்டாரு. முடிச்ச ஜாக்கெட்டுக்குள்ள வச்சிக்கிட்டே வேம்பு சொன்னது இதுதான்: "போன்ல பேசுற தம்பி எத்தினியோ லட்சம்னு சொன்னான் ஆயா, நீங்க அவ்ளோல்லாம் சொல்ல வேணாம், அஞ்சு பவுனுக்கு சொன்னா போதும்."

விபூதியில தேஞ்ச ராஜா

வேம்பு படியெறங்குறப்ப நான் கத்திக் கத்திச் சொன்னேன், 'தேய்க்காத, எத வேணா பண்ணு, தேய்க்க மட்டும் தேய்க்காத'ன்னு. காதுல விழுந்துச்சோ இல்லையோ, அதுவே எனக்கு ஒரு கவல. ஏன்னா நம்ம சனங்களுக்கு காசுன்னா வெளக்கணும். பித்தளக் குத்துவெளக்க வெளக்குற அதே கையி, அதே புளி, அதே சாம்பலு. காசு மேல காலம் படிய வச்ச கறுப்பு இருக்கே, அதத்தான் வாங்குறவன் தேடுறான். அத தேச்சி எடுத்துட்டா வெள்ளிக் காசா இருந்தாலும் எடைக்கு எடதான், கொலுசோட சேத்து உருக்க வேண்டியதுதான்.

சபாபதின்னு ஒருத்தரு, பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவரு, நல்ல மனுஷன். ஒரு தடவ எனக்கு சீர்காழி பஸ்ஸுல சீட்டு புடிச்சிக் குடுத்தாரு, அன்னிக்கி பாத்து டயரு வெடிச்சி வைத்தீஸ்வரன் கோயில் ரோட்டுல வெயில்ல நின்னோம். அத வுடுங்க. அவருகிட்ட வெள்ளக்கார ராஜா தல போட்ட நெஜ வெள்ளி ரூவா இருந்துச்சி. தெனமும் குளிச்சிட்டு நெத்தியில பூசுன விபூதி மிச்சத்த காசுல வச்சி ஒரு தேய் தேய்ப்பாராம். பக்தி. கண்ணாடி மாதிரி கொண்டாந்து நீட்டுறாரு. ராஜாவுக்கு மூக்கும் இல்ல, மீசையும் இல்ல, மொட்ட வெள்ளரிக்கா மாதிரி இருக்காரு. எப்டி சொல்றது? மென்னு முழுங்கி, 'அழுக்காவே வச்சிருந்தா நாலு பங்கு கெடச்சிருக்கும் சார்'னேன். அவரு காசயும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டு சொன்னாரு: "இத நீங்களே வூட்டுக்கு வந்து எங்க வூட்டம்மாகிட்ட சொல்லுங்க, அழுக்கா இருந்தா மதிப்பு ஜாஸ்தின்னு நான் சொல்லி அவ ஒரு நாளும் நம்புனதில்ல."

கரீம் பாய் வேண்டிக்கிட்டது

வேம்பு சொன்னத யாருகிட்டயாச்சும் சொன்னாத்தான் ஆவும்னு இருந்துச்சி. கடலூருல கரீம் பாய்க்கு போன் போட்டேன். அவரும் காசு யாவாரிதான், மஞ்சக்குப்பத்துல கட. எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம், அக்கா அக்கான்னுதான் கூப்புடுவாரு. பெருநாளைக்கு தூக்குல பிரியாணி குடுத்தனுப்புவாரு. எங்க மருமவ சைவம்ன்றதுனால அந்தத் தூக்க வாசப்படியிலயே வாங்கி, கடையில வந்து கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால ஒக்காந்து சாப்புடுவேன். ஒருக்கா அந்நேரம் பாத்து கோயில் தீட்சிதரு ஒருத்தரு காசு காட்ட வந்துட்டாரு, கைய கழுவவும் முடியாம காச வாங்கவும் முடியாம நான் முழிச்ச முழிய... சரி, எதுக்கு வந்தேன்? ஆங், போனு.

விஷயத்த எல்லாம் சொல்லி, 'பாய், அது நாலா இருந்துட்டா அந்தப் பொண்ணு பொழச்சிக்கும், துஆ பண்ணுங்க'ன்னேன். அவரு அந்தப் பக்கம் டீய உறிஞ்சிக்கிட்டே யோசிக்கிறாரு. காதுல சத்தம் கேக்குது. எனக்கா இங்க பொறுமயில்ல. அப்பறம் நிதானமா சொன்னாரு: "தப்பா வேண்டாதக்கா, மூணுன்னா ஒரு வூட்லதான் மூஞ்சி தொங்கும், நாலுன்னு மட்டும் இருந்துச்சி, காசு யாருக்குன்னு ரெண்டு வூட்லயும் கத்தி தூக்கிருவாங்க."

சண்டைக்கு எடுத்து வச்சது

அந்த வாரமே இன்னொரு பொண்ணு வந்துச்சி, இடுப்புல கொழந்தையோட. பொடவையில மாம்பழக் கறை, கொழந்த வாயெல்லாம் பிஸ்கெட்டு. கொழந்தையோட அரணாக்கயித்துல ஒரு வெள்ளக் காசு ஓட்ட போட்டு கோத்துருக்கு. மாமியாரு பேரனுக்குப் போட்டதாம், ராஜா காலத்து அரை ரூவா, அசல் வெள்ளின்னு சொல்லிச் சொல்லிப் போட்டாங்களாம். கொழந்த நிக்க மாட்டேங்குது, என் காந்தத்தப் புடிச்சி இழுக்குது. எப்டியோ குனிஞ்சி லென்ஸ வச்சேன். ஓட்டய சுத்தி செவப்பு. நூலு மாதிரி ஒரு செவப்பு வளையம். காந்தத்துலயும் ஒட்டல. அப்பவே புரிஞ்சி போச்சி.

நம்ம பக்கத்துல இது ஒரு வழக்கம். வெள்ளி வாங்க வழியில்லாத காலத்துல பத்தருகிட்ட செப்புக் கால் அணாவக் குடுத்து வெள்ளி முலாம் போட்டு கொழந்த இடுப்புல கோத்து வுடுவாங்க. கால் அணாவும் அரை ரூவாவும் பாக்க ஒரே அகலம், ரெண்டுலயும் ராஜா தல. முலாம் தேயிற எடத்துல செம்பு எட்டிப் பாக்கும், ஒடம்புல பச்சயா கறை ஒட்டும். ஏமாத்தணும்னு செஞ்சது இல்லீங்க, ஆசைக்கு செஞ்சது. ரெண்டு தலமொற போனா செஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க, வெள்ளின்ற பேரு மட்டும் நின்னுடும். நான் பயந்து பயந்து, 'இது செம்புதாம்மா, உங்க மாமியாருக்கே தெரிஞ்சிருக்காது'ன்னு இழுத்து இழுத்துச் சொன்னேன். குடும்பத்துல ஒரு கலகத்த மூட்டி வுட்டுட்டோமேன்னு எனக்குக் கவலயாப் போச்சி. அந்தப் பொண்ணு அசரவே இல்ல, கொழந்த சட்டைய எறக்கி வுட்டுக்கிட்டே சொன்னிச்சி: "இப்ப சொல்ல மாட்டேன் ஆயா, நான் போட்டுட்டு வந்த நகைய அவுங்க கொற சொல்ற அன்னிக்கி எடுத்து வுடுறேன், அதுவரைக்கும் வெள்ளியாவே இருக்கட்டும்."

பிரிட்ஜ் பிள்ளையாரு

ஒரு நாளு சாயங்காலம் கடைய எடுத்து வைக்கிற நேரம். கழுத்துல ஐடி கார்டோட ஒரு பொண்ணு வந்து நின்னுச்சி. 'நான்தான் கௌசல்யா, வேம்பு பொண்ணு'ன்னுச்சி. குடிகாட்டு கம்பெனி ஒண்ணுல லேபுல வேல. மொகம் வாடிக் கெடக்கு. சாப்புட்டியாம்மான்னேன், சாப்புட்டேன்னுச்சி, பொய்யி. எதுத்த கடையில ரெண்டு போண்டா சொன்னேன். போண்டா வந்ததும் ஒண்ணத் தின்னுட்டு, ஒண்ணக் கையில வச்சிக்கிட்டே பேசிச்சி.

'ஆயா, எனக்கு அந்தக் காசு பத்தி தெரியும். எங்க வூட்டு பிரிட்ஜ் கதவுல ஒட்டுற காந்தப் பிள்ளையாரு இருக்காருல்ல, அவருகிட்ட கொண்டுபோயி காட்டுனேன், மகான் ஓடிப்போயி ஒட்டிக்கிட்டாரு. இரும்புதான்.' 'அப்ப அம்மாகிட்ட சொன்னியா?' 'சொன்னேன். சாமிக்கு சாமி சேந்துக்கிச்சின்னு சொல்லி ரெண்டு பேருக்கும் சேத்து கற்பூரம் காட்டுது.' எனக்கு சிரிப்பு வந்துச்சி, அடக்கிக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்கும் வந்துச்சி, அப்பறம் கண்ணு கலங்கிடுச்சி. மாப்ள பையன் பிரபா, மண்டியில லாரி ஏத்தி வுடுறவன். பொண்ணு பாக்க வந்துட்டுப் போன அன்னிலேருந்து ரெண்டும் போன்ல பேசிக்குதுங்க. இதுக்குப் புடிச்சிருக்கு, அதுக்கும் புடிச்சிருக்கு. 'அவுரு நகையே வேணாம்ன்றாரு ஆயா. அவுங்கப்பாதான், பேசுனா பேசுனதுன்னு நிக்கிறாரு. வெள்ளிக்கெழம நிச்சயப் புடவ எடுக்க எல்லாரும் இங்க சிதம்பரம் வர்றாங்க. அப்படியே உங்க கடைக்கு வருவாங்க.'

நான் என்னா செய்யணும்ன்றன்னு கேட்டேன். இந்தப் பொண்ணு பொய் சொல்லச் சொன்னா நான் சொல்லிடுவனோன்னு எம்மேலயே பயம். இத்தினி வருஷத்துல காசுக்காக ஒரு பொய் சொன்னதில்ல. ஆனா இப்டி போண்டாவ கையில வச்சிக்கிட்டு ஒரு பொண்ணு கண்ணு கலங்கி ஒக்காந்ததும் இல்லியே. அது எந்திரிச்சி, கையத் தொடச்சிக்கிட்டு சொன்னிச்சி: "நீங்க பொய்யெல்லாம் சொல்ல வேணாம் ஆயா, உண்மைய கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, அது போதும்."

புடவ எடுக்க வந்தவங்க

வெள்ளிக்கெழம வந்துச்சி. காலையிலயே மாத்திரய எடுத்து தண்ணி டம்ளருகிட்ட வச்சிட்டேன். மத்தியானம் ஒரு வேன் வந்து சந்து முனையில நின்னுச்சி. வேம்பு, கௌசல்யா, மாப்ள பையன், மண்டிக்காரரு தனவேலு, அவரு சம்சாரம் சகுந்தலா. அஞ்சு பேரும் உள்ள வந்ததும் என் கடையில காத்து நுழைய எடமில்ல. தனவேலு பெரிய மனுஷன், தோள்ல துண்டு, பலாப்பழத்த தட்டிப் பாத்தே உள்ள எத்தினி சொள இருக்குன்னு சொல்றவரு. ஸ்டூல்ல ஒக்காந்து, 'பாருங்கம்மா, நீங்க சொல்றதுதான் தீர்ப்பு'ன்னாரு. தீர்ப்புன்ற வார்த்தய கேட்டதும் நான் தண்ணி டம்ளர இன்னும் கிட்ட நகத்தி வச்சிக்கிட்டேன்.

வேம்பு முடிச்ச அவுத்துச்சி. பளபளன்னு ஒரு காசு. 'தேச்சிட்டியாம்மா?' 'புள்ள வூட்டுக்காரங்க பாக்கப் போறாங்க, அழுக்கா எப்டி ஆயா காட்டுறது? புளி போட்டு, சாம்பல் போட்டு, சுத்தமா எடுத்துட்டேன்.' புளி துத்தநாகத்தத் தின்னுட்டு, மகான் கன்னத்துல அங்கங்க கறுப்புத் திட்டு. ஆனா மஞ்சக் கட்டி போயிடுச்சி. வருஷம் தெரியிது. லென்ஸ கண்ணுல வச்சேன். ஒண்ணு. ஒம்போது. நாலு. அதுக்கப்பறம் மூணு. வளைஞ்சி, வாலு எறங்கி, சந்தேகமே இல்லாத மூணு.

லென்ஸ எடுக்க மனசே வரல. எடுத்தா பேசணுமே. மெல்ல ஆரம்பிச்சேன். சண்டக் காலம், செம்புத் தட்டுப்பாடு, குண்டு, இரும்பு... எதுத்தாப்புல கௌசல்யா தரையப் பாத்துக்கிட்டு நிக்கிது. தனவேலு, 'கதையெல்லாம் சரிம்மா, வெல?'ன்னாரு. இதுக்கு மேல எப்டி மெதுவா சொல்றதுன்னு எனக்குத் தெரியல. 'இரும்புக் காசுங்க. நெறய கெடைக்கிது. இங்க இருக்கிற எல்லாருக்கும் ஒரு டீ வாங்கலாம், பஜ்ஜி வாங்க பத்தாது'ன்னேன். வேம்பு காச எடுத்து துணியில வச்சி முடிஞ்சிச்சி. முடிச்சு வுழல, மறுபடி முடிஞ்சிச்சி. அந்தக் கையப் பாத்துக்கிட்டு இருக்கிறது பெரிய கொடுமங்க.

தனவேலு துண்ட ஒதறி எந்திரிச்சாரு. 'அஞ்சு பவுனுக்கு இரும்புத் துண்டா? சபையில சொல்றப்ப நாக்கு கூசல?' பையன், 'அப்பா, வுடுங்கப்பா'ன்னான். 'நீ சும்மா இரு. நம்ம வூட்ல ஒரு காசு இருக்குன்னு சொன்னா அது காசு. வெள்ளின்னா என்னான்னு இவுங்களுக்குக் காட்டுறேன்'னு சட்டப் பையிலேருந்து ஒரு பொட்டலத்த எடுத்தாரு. தலச்சன் ஆம்பளப் புள்ளைங்க இடுப்புல பரம்பரையா கட்டுற ராஜா காலத்து அரை ரூவாவாம். அவரு கட்டுனது, மவன் கட்டுனது, நாளைக்கி பேரன் கட்டப் போறது. 'வைங்கம்மா காந்தத்த'ன்னாரு. வச்சேன். ஒட்டல. 'பாத்தியாம்மா'ன்னு வேம்பப் பாத்து மீசைய தடவுனாரு.

நான் மட்டும் அந்தக் காசையே பாக்குறேன். ஏன்னா காசுல ஓட்ட இருக்கு, ஓட்டய சுத்தி செவப்பா அந்த வளையம். 'நல்ல காசுங்க, உள்ள எடுத்து வைங்க'ன்னேன். கெஞ்சிக் கேட்டேன்னே வச்சிக்கங்க. அவரு வுடல. 'வெல சொல்லுங்க. இவுங்களுக்கும் தெரியட்டும்.' கௌசல்யா என்ன நிமிந்து பாத்துச்சி. சரி, ஒரு வூட்டுக்கு சொன்ன உண்மைய இன்னொரு வூட்டுக்கு மட்டும் மறைக்கிறது எந்த ஊரு ஞாயம்? தண்ணி ஒரு மொடக்கு குடிச்சேன். 'இது அரை ரூவா இல்லீங்க. செப்புக் கால் அணா. மேல வெள்ளி முலாம். உங்க பெரியவங்க ஆசைக்கு பத்தருகிட்ட போட்டுருக்காங்க. லென்ஸ வச்சி நீங்களே பாருங்க, கால் அணான்னு இங்கிலீஷுல எழுதியிருக்கு'ன்னு நீட்டுனேன். அவரு வாங்கல. பையன் வாங்கிப் பாத்தான். பாத்துட்டு லென்ஸ அவுங்கம்மாகிட்ட குடுத்தான்.

சண்ட எந்தப் பக்கத்துலேருந்து வெடிக்குமோன்னு நான் மாத்திரய கையில எடுத்துட்டேன். சகுந்தலா லென்ஸ வச்சி ரொம்ப நேரம் பாத்துச்சி. அப்பறம் புருஷனப் பாத்து, கொரல ஒசத்தாம கேட்டுச்சி. 'இவன் கொழந்தையா இருந்தப்ப இடுப்ப சுத்தி பச்ச பச்சயா கறை புடிக்கும், ஞாபகம் இருக்கா? தேச்சி தேச்சி குளிப்பாட்டுவேன், போவாது. உங்கம்மா என்னா சொன்னாங்க?' தனவேலு மீசையிலேருந்து கைய எடுத்துட்டாரு. 'புள்ளைய குளிப்பாட்டத் தெரியாதவள எம்மவனுக்குக் கட்டிவச்சிட்டாங்கன்னு ஊரு பூரா சொன்னாங்க. ஒரு கால் அணாவுக்கு நான் எத்தினி வருஷம் பேச்சு வாங்கியிருக்கேன்.' மாப்ள பையன் வெக்கத்துல சட்டைய கீழ இழுத்து வுட்டுக்கிட்டான். கௌசல்யா சிரிப்ப அடக்க முந்தானைய வாயில வச்சிக்கிச்சி. தனவேலு ஸ்டூல்ல மெதுவா ஒக்காந்து, துண்டால மொகத்தத் தொடச்சாரு.

சகுந்தலா அந்த செப்புக் காச எடுத்து, வேம்பு மடியில இருந்த மஞ்சத் துணிய அவுத்து, மகான் பக்கத்துலயே வச்சி, ஒண்ணா முடிச்சிப் போட்டுச்சி. ஒரே தடவையில முடிச்சு வுழுந்துச்சி. வேம்பு கையப் புடிச்சி எழுப்பிக்கிட்டே சொன்னிச்சி: "வாங்க சம்பந்தியம்மா, உங்க காசு காந்தத்துலயாச்சும் ஒட்டிச்சி, எங்களுது எதுலயும் ஒட்டல, புடவக் கடையில கூட்டம் வர்றதுக்குள்ள போயி நல்லதா ஒண்ணு எடுப்போம்."

காசுக்கு வெல சொல்றேன்னு போர்டு மாட்டி ஒக்காந்திருக்கேன், ஆனா ரெண்டு வூட்டுக் காசும் வெல போவாத அன்னிக்கித்தான் எங்கடையில ஒரு காரியம் நல்லபடியா முடிஞ்சிது, கையில எடுத்த பிரஷர் மாத்திரய நான் முழுங்காம வூட்டுக்குப் போனதும் அன்னிக்கி ஒரு நாளுதான்.